பதினெட்டுக் கேள்விகளும் ஒரு சம்பளத் துண்டும்

உயர்தரத்தில் பொருளியலும் அரசியலும் படிக்கும் நாங்கள் ஐந்து பேர். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டச் சம்பளத்தைப் பற்றி மேடைப் பேச்சுகள் நிறையவே கேட்டாயிற்று. விஷயம் தெரிந்தவர்களை நாமே பேட்டி எடுத்தால் என்ன என்று தோன்றியது. அதிபரின் கையெழுத்தோடு ஐந்து கடிதங்கள் போட்டோம். இரண்டுக்குத்தான் பதில் வந்தது.

முதலாமவர் ஹட்டனில் ஒரு தொழிற்சங்கக்காரர். பதினெட்டுக் கேள்விகள் எழுதிக்கொண்டு போனோம். முதல் கேள்விக்கே நாற்பது நிமிஷம் பேசினார். பெரியவர் பேசும்போது குறுக்கே எப்படிப் பேசுவது என்று ஐந்து பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். போதாததற்கு, ஆறாவது நிமிஷத்தில் போனுக்கு ஓர் அழைப்பு வந்து ஒலிப்பதிவு நின்றதை யாருமே கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்தவர் பேராதனையில் ஒரு பொருளியல் விரிவுரையாளர். கேள்விகளை ஐந்தாகக் குறைக்கச் சொன்னார் மிஸ். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் சொன்னபோது, “கிலோவப் பத்திக் கேளு” என்று மட்டும் சொல்லிவிட்டு, பிஸ்கட் டின்னுக்குள் நாலாக மடித்து வைத்திருந்த சம்பளத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

கண்டி பஸ்ஸில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். இந்த முறை போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டேன்.

முதல் கேள்வி பாடப்புத்தகத்தனமானது. “சேர், 2022 செப்டெம்பரில் 70 சதவீதத்தை ஒட்டியிருந்த பணவீக்கம் இப்போது குறைந்துவிட்டது. பிறகு ஏன் கஷ்டம்?”

“பணவீக்கம் குறைஞ்சா கோதுமை மா விலை இறங்குமா?” என்று திருப்பிக் கேட்டார். இறங்கும் என்றாள் தோழி. “இல்ல மகள். ஏறுற வேகம்தான் குறையும். ஏறினது ஏறினதுதான்.” பரீட்சையில் புள்ளி வாங்கித் தந்த வரைவிலக்கணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் சம்பளத் துண்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகப் பார்த்தார். 19 பேர், அதாவது 19 நாள் வேலை. நாளுக்கு 1350 வீதம் 25,650 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 2052 ரூபாய் கழிவு. அதன் கீழே முற்பணம், தேயிலைத்தூள், சங்கச் சந்தா. தொழில் தருநர் போடவேண்டிய 12 சதவீதமும் அம்மாவின் சம்பளத்திலிருந்தே போகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, பொருளியல் மாணவன் வேறு.

அம்மாவின் கேள்வியைக் கேட்டதும் சேர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1992 இல் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது, சங்கங்களும் கம்பனிகளும் செய்த கூட்டு ஒப்பந்தங்கள், 2021 இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த 1000 ரூபாய் நாள் சம்பளம், 2024 இல் வந்த 1350 என்று வரிசையாகச் சொன்னார். “இவ்வளவு பேச்சும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்கிறதப் பத்தித்தான். எத்தனை கிலோ பறிச்சா அது ஒரு பேர், எத்தனை கிலோவுக்குக் கீழ அரைப்பேர் என்கிறது தோட்டத்துல வச்சு முடிவாகுது. நாள் சம்பளத்த ஏத்திட்டுக் கிலோவையும் ஏத்தினா?” கேள்வியை அப்படியே விட்டுவிட்டார். என் தாளில் மிச்சமிருந்த மூன்று கேள்விகளை நான் கேட்கவே இல்லை.

ஐம்பது நிமிஷப் பேச்சை எழுத்தாக்க இரண்டு இரவுகள் பிடித்தன. எழுதியதை அவருக்கு அனுப்பியபோது, நாங்களாக அழகுபடுத்திச் சேர்த்திருந்த ஒரு வரியை வெட்டி, “இத நான் சொல்லல” என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். எழுதியவன் நான்தான்.

அடுத்த கடிதம் ஒரு தோட்டத் துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, போயிருக்கிறது. அதில் ஒரே கேள்வி, கிலோவைப் பற்றி. இன்னும் பதில் வரவில்லை. வந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறார்.