திருமணத்துக்கு வருவோருக்கு மொத்தமாக அறை பிடிப்பது

எங்கள் குடும்பத்தில் எந்தத் திருமணம் நிச்சயமானாலும், வெளியூரிலிருந்து வருவோருக்குத் தங்கும் அறை பிடிக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில்தான் வந்து விழுகிறது. மண்டபம், அழைப்பிதழ், உடை ஆகியவற்றைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்பவர்கள், அறை என்றதும் "விடுதியில் சொல்லி வைத்தால் போதுமே" என்று முடித்துவிடுகிறார்கள். சொல்லி வைப்பதோடு முடிகிற வேலை அல்ல இது. இருபது அறைகளை மற்றவர்களுக்கு விற்காமல் நமக்காக நிறுத்தி வைக்கும்போது, அவை கடைசியில் காலியாகக் கிடந்தால் அந்த நட்டம் யாருடையது என்ற கேள்வி உடனே பிறந்துவிடுகிறது. விடுதி நீட்டும் ஒப்பந்தத்தின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கான பதில்தான். அதைப் படிக்காமல் கையெழுத்திடுபவர்கள், தங்களுக்குத் தெரியாமலேயே அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்கிறார்கள்.

அறைகளை பிளாக் செய்வதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் விடுதி சில அறைகளை ஒரு குறிப்பிட்ட தேதி வரை நமக்காக வைத்திருக்கும். விருந்தினர்கள் அவரவர் பணத்தில் பதிவு செய்துகொள்வார்கள். அந்தத் தேதிக்குள் பதிவாகாத அறைகள் பொது விற்பனைக்குத் திரும்பிவிடும். நாம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இந்த வகையில் பெரும்பாலும் பத்து, பதினைந்து அறைகளுக்கு மேல் தர மாட்டார்கள். இரண்டாவது வகையில் நாம் உறுதி கொடுக்கிறோம். அறைகள் அதிகம் கிடைக்கும், வாடகையும் சற்றுக் குறையலாம். ஆனால் இத்தனை சதவீதம் நிரம்பாவிட்டால் மீதிக்கு நாமே பணம் கட்ட வேண்டும். கேட்காவிட்டால் பல விடுதிகள் இரண்டாவது வகை ஒப்பந்தத்தைத்தான் முதலில் அனுப்பும். ஆகவே "பொறுப்பு இல்லாத பிளாக் எத்தனை அறை வரை தருவீர்கள்" என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. அதையும் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கேட்பதில்லை. குழு முன்பதிவைக் கவனிக்கும் விற்பனைப் பிரிவிடம் கேட்கிறேன். பல விடுதிகளில் பத்து அறைகளோ அதற்கு மேலோ என்றால்தான் அந்தப் பிரிவு கவனிக்கும். அதற்குக் குறைவாக இருந்தால் சாதாரண முன்பதிவாகவே போட்டுவிடுவார்கள்.

எத்தனை அறை என்பதுதான் எல்லோரும் தவறவிடும் கணக்கு. அழைப்பிதழ்ப் பட்டியலைப் பார்த்து எண்ணினால் எண் எப்போதும் பெரிதாகவே வரும். "வருகிறேன்" என்பவர் எல்லோரும் "தங்குகிறேன்" என்பவர் அல்லர். ஒருவருக்கு அதே ஊரில் நண்பர் வீடு இருக்கும். இன்னொருவர் வேறொரு விடுதியின் உறுப்பினராக இருந்து அங்கேதான் தங்குவார். இளைஞர்கள் ஓர் அறையில் மூவராக ஒண்டிக்கொள்வார்கள். இரவோடு இரவாகத் திரும்பிவிடுபவர்களும் உண்டு. அதனால் நான் வெளியூர் உறவினர்களை மட்டும் தனியே எழுதி, குடும்பம் குடும்பமாக அறைகளாக மாற்றி, வருகிற எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே தொடக்கத்தில் கேட்கிறேன். "இடம் இருக்கும் வரை இதே வாடகையில் மேலும் அறைகள் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பிறகு கூட்டுவது எளிது. குறைப்பதற்குத்தான் விலை உண்டு. ஊரில் அதே வார இறுதியில் பெரிய விளையாட்டுப் போட்டியோ மாநாடோ இருந்தால் மட்டும் இந்த விதியை நான் கைவிடுவேன், ஏனென்றால் அப்போது சேர்ப்பதற்கு அறையே மிஞ்சாது.

அறைகளை மொத்த எண்ணாகச் சொல்லாமல் இரவு இரவாகச் சொல்ல வேண்டும். திருமணத்துக்கு முந்தின இரவு இருபது, திருமண இரவு பன்னிரண்டு, அதற்கு முன்பே வந்து சேரும் நெருங்கிய குடும்பத்துக்கு நான்கு என்று ஒவ்வோர் இரவுக்கும் தனி எண் இருக்கும். விற்பனைப் பிரிவினர் "இரண்டு இரவுக்கும் இருபது" என்று எழுதிக்கொள்வது அவர்களுக்கு வசதி. நமக்கு அது வீண் செலவு.

இனி அந்தச் சதவீத விதிக்கு வருவோம். ஒப்பந்தத்தில் இது அட்ரிஷன் என்ற தலைப்பில் இருக்கும். 80 சதவீதம் என்பது வழக்கமாகக் காணப்படும் எண். 90 கேட்பவர்களும் உண்டு. எண்ணைவிட முக்கியமானது அதைக் கணக்கிடும் முறை. இருபது அறை, இரண்டு இரவு என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 40 அறை-இரவுகள். 80 சதவீதம் என்றால் 32 நிரம்ப வேண்டும். முதல் இரவு 19 அறைகளும் இரண்டாம் இரவு 11 அறைகளும் நிரம்பின என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 30 ஆகிவிட்டதால், குறைவது 2 அறை-இரவுகள் மட்டுமே. ஆனால் அதே 80 சதவீதத்தை ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாகப் பார்க்கும் ஒப்பந்தத்தில் ஒவ்வோர் இரவும் 16 அறைகள் நிரம்பியாக வேண்டும். முதல் இரவில் கூடுதலாக வந்த மூன்று அறைகள் கணக்கில் சேராது. இரண்டாம் இரவில் குறையும் ஐந்துக்கும் நாம்தான் கட்ட வேண்டும். அதே விருந்தினர்கள், அதே அறைகள், அதே சதவீதம். கட்ட வேண்டியது மட்டும் இரண்டரை மடங்காகிறது. மொத்தமாகக் கணக்கிடும் முறையைக் கேட்டால் பல நேரங்களில் மறுப்பின்றித் தந்துவிடுகிறார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

அந்தப் பத்தியில் மேலும் இரண்டு வரிகளைத் தேடுவேன். நாம் விட்டுக்கொடுத்த அறையை விடுதி வேறொருவருக்கு விற்றுவிட்டால் அந்த அறைக்கு நம்மிடம் பணம் வாங்கக் கூடாது என்பது ஒன்று. ஒரே அறைக்கு இரண்டு முறை வாடகை வாங்குவதில் நியாயமில்லை என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இடையில் ஒரு மறுபரிசீலனைத் தேதி வைத்து, அதுவரை பத்து அல்லது இருபது சதவீத அறைகளை அபராதமின்றித் திருப்பித் தரலாம் என்பது மற்றொன்று. திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது யார் உண்மையிலேயே வருவார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்; அந்த நேரத்தில் இந்த வரி கைகொடுக்கும்.

கட்-ஆஃப் தேதி பெரும்பாலும் திருமணத்துக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்னால் வரும். அதற்குப் பிறகு மீதி அறைகள் பொது விற்பனைக்குப் போய்விடும். நாம் பேசிய வாடகையும் கிடைக்காமல் போகலாம். உறவினர்கள் கடைசி வாரத்தில்தான் அறையைப் பற்றியே நினைப்பார்கள் என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான நோய். அழைப்பிதழ் அச்சாகும் வரை காத்திருக்காமல், தேதி உறுதியானதுமே முன்பதிவு இணைப்பை அனுப்பிவிடுவதும், விருந்தினர்களுக்குச் சொல்லும் கடைசி நாளை உண்மையான கட்-ஆஃப் தேதிக்குப் பத்து நாள் முன்னதாக வைப்பதும் எனக்குப் பலனளித்திருக்கின்றன. இது சிறிய பொய்தான். அதற்காக நான் வருந்துவதில்லை.

அந்த இணைப்பை யாருக்கும் அனுப்புவதற்கு முன் நீங்களே ஒரு விருந்தினரைப் போல உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பிளாக் இரண்டு இரவுகளுக்கு மட்டும் போடப்பட்டிருந்தால், மூன்றாவது இரவும் தங்க நினைப்பவர் தேதிகளை இட்டவுடன் அந்தப் பக்கம் "அறை இல்லை" என்று சொல்லிவிடும். விடுதியில் அறைகள் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் நம்மிடம் எதுவும் கேட்காமல் வேறிடத்தில் பதிவு செய்துவிடுவார். பிளாக்கில் ஓர் அறை குறைந்ததே நமக்குத் தெரிய வராது. முன்னும் பின்னும் ஓர் இரவுக்கு அதே வாடகையைத் திறந்துவிடச் சொன்னால் விற்பனைப் பிரிவினர் சில நிமிடங்களில் செய்து தருவார்கள். கூடவே, யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்ற பட்டியலை வாரம் ஒரு முறை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிவிடுங்கள். பெயர் இல்லாதவர்களைத் தொலைபேசியில் அழைப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

வாடகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குழு வாடகை எப்போதும் மலிவானது என்று நினைக்க வேண்டாம். இணையத்தில் அதே அறை சில நாட்கள் குறைந்த விலைக்கு வரும். அதைப் பார்த்த மாமா ஒருவர் குடும்பக் குழுவில் படம் பிடித்துப் போட்டுவிட்டால், நாம் ஏமாந்துவிட்டதாகவே பேச்சு எழும். பல நேரங்களில் அந்தக் குறைந்த விலை, ரத்து செய்தால் பணம் திரும்பாத விலையாக இருக்கும். குழு வாடகையோ சில நாட்களுக்கு முன்பு வரை ரத்து செய்யக்கூடியதாக இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எனினும், அதே நிபந்தனைகளோடு பொது விலை நம் வாடகைக்குக் கீழே போனால் நமக்கும் குறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது நல்லது. சொல்லப்பட்ட வாடகையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா, காலை உணவும் வாகன நிறுத்தமும் சேர்ந்ததா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிட வேண்டும். வாய்மொழியாகப் பேசிய விற்பனையாளர் திருமணம் வருவதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கலாம்.

அறையின் வகையில்தான் மனத்தாங்கல்கள் பிறக்கின்றன. இருபது அறைகளும் ஒற்றைப் பெரிய கட்டில் உள்ளவையாக அமைந்துவிட்டால், அறையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு நண்பர்களும், பிள்ளையோடு வரும் தாயும் தவித்துப்போவார்கள். இரட்டைக் கட்டில் அறைகள் எத்தனை என்று எண்ணைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து அறை என்பதும், நடுவே கதவு உள்ள அறை என்பதும் வேறு வேறு; சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டாவதுதான் தேவை, அத்தகைய அறைகள் எல்லா விடுதியிலும் குறைவாகவே இருக்கும். முதியவர்களுக்கு லிஃப்ட்டுக்கு அருகில் அறை வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. குளியலறை நினைவுக்கு வருவதில்லை. என் அத்தை ஒருவர், அறை எப்படி இருக்க வேண்டும் என்று நான் கேட்டபோது, "மாடி கீழே எதுவானாலும் சரிப்பா, அந்தத் தொட்டிக்குள்ளே காலைத் தூக்கி வைத்துக் குளிக்க மட்டும் என்னால் ஆகாது" என்றார். அதற்குப் பிறகு, தொட்டி இல்லாமல் தரைமட்டத்தில் குளிக்கும் வசதியும் கைப்பிடியும் உள்ள அறைகள் எத்தனை என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுகிறேன். சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால், அந்த அறையைப் பெயர் குறிப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். "கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற பதிலை உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நேரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. அறை கிடைப்பது பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு, காலி செய்ய வேண்டியது முற்பகல் 11 அல்லது 12 மணிக்கு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். காலையில் நடக்கும் திருமணத்துக்கு அன்று காலையில் வந்து இறங்குபவர் உடை மாற்ற இடமின்றிப் பெட்டியோடு வரவேற்பறையில் நிற்பார். அவருக்கு முந்தின இரவே அறை போட வேண்டும், அல்லது முன்பே வந்தவர்களின் ஓர் அறையைப் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா அறைகளுக்கும் தாமதமாகக் காலி செய்ய அனுமதி கேட்டால் கிடைக்காது. மூன்று நான்கு அறைகளுக்குக் கேட்டால் கிடைக்கும்.

வாடகையை வீட்டார் கட்டுவதாக இருந்தால், "அறை வாடகையும் வரியும் மட்டும் எங்கள் கணக்கில்" என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அறைக்கு வரவழைக்கும் உணவு, துணி வெளுப்பு முதலியவை தங்குபவர் கணக்கில் போகட்டும். அப்படியிருந்தும், அறைச் சாவி தரும்போது கூடுதல் செலவுகளுக்காக விருந்தினரிடம் வங்கி அட்டை கேட்கக்கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "வாடகை நீங்கள் கட்டியதாகச் சொன்னார்களே, என்னிடம் ஏன் அட்டை கேட்கிறார்கள்" என்ற அழைப்பு நள்ளிரவிலும் வரும்.

சற்றுத் தொலைவில், வாடகை குறைந்த இன்னொரு விடுதியில் ஐந்தாறு அறைகளைப் பொறுப்பில்லாத வகையில் வைத்திருப்பது எப்போதும் உதவும். கையில் பணம் குறைவாக உள்ள இளைஞர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். தேர்வு இருந்தால் தாங்களாகவே அங்கே போய்விடுவார்கள். முதல் விடுதி, இருப்பதைவிட அதிகமாக முன்பதிவு வாங்கி வைத்து, நம் விருந்தினரை வேறிடத்துக்கு அனுப்ப நேர்ந்தால், அந்த இரவின் வாடகையையும் போக்குவரத்துச் செலவையும் விடுதியே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்த பின் வரும் இறுதிக் கணக்கை உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். வேறு தளங்கள் வழியாகவும், நேரடியாகத் தொலைபேசியிலும் அதே விடுதியில் பதிவு செய்த நம் விருந்தினர்களின் பெயர்கள் பிளாக் கணக்கில் சேர்ந்திருக்காது. நம் விருந்தினர் பட்டியலை அனுப்பி, அந்த இரவுகளில் தங்கியோர் பதிவோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களை நம் எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்ல வேண்டும். இப்படிச் சேர்ப்பதற்கு இடம் தரும் வரி ஒப்பந்தத்திலேயே இருந்தால் வாதாட வேண்டியிருக்காது. ஆறு அறை-இரவுகளுக்கு அபராதம் என்று வந்த கணக்கு, இந்த ஒப்பீட்டுக்குப் பிறகு ஒன்றாகச் சுருங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பணம் கட்டிய பிறகு இதைக் கேட்டால் பதில் வர மாதங்கள் ஆகும். ஆகவே கணக்கு வந்த அன்றே பட்டியலை அனுப்பிவிட்டு, திருத்திய கணக்கு வரும் வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள்.