நூல் தொடாத தீவுகள்

என் பூகோள உருண்டையில், மேற்கு 30 பாகை தீர்க்கரேகையின் மேல் வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை ஒரு சிவப்பு நூலை ஒட்டி வைத்திருக்கிறேன். 0 பாகையான கிரீனிச் தீர்க்கரேகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். கிரீன்லாந்தின் கரையை விட்டு இறங்கினால் அண்டார்டிகா வரை, சுமார் 16,000 கிலோமீட்டருக்கு, இது ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடுவதில்லை.

கிரீன்லாந்தில் மட்டும் கொஞ்சம் தாராளம். அந்தத் தீவின் மிக உயர்ந்த குன்பியோர்ன் சிகரம் (3,694 மீட்டர்) கோட்டுக்குக் கிழக்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டரில் நிற்கிறது. 1935இல்தான் மனிதர் அதில் முதலில் ஏறினர். என் உருண்டையில் அந்தச் சிகரம் நூலின் தடிமனுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

அடுத்து, கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே உள்ள டென்மார்க் நீரிணை. இங்கே வந்தால் என் விரல் தானாக நின்றுவிடும். வடகடல்களின் குளிர்ந்த, கனத்த நீர் கடலடி மேட்டைத் தாண்டி, வெதுவெதுப்பான நீருக்கு அடியில் புகுந்து, சரிவில் ஏறக்குறைய 3,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. நொடிக்கு 30 லட்சம் கன மீட்டருக்கும் மேல்! உலகின் மிகப் பெரிய அருவி இது. சத்தமும் இல்லை, சாரலும் இல்லை. மேலே கப்பலில் போகிறவருக்கு வெறும் அலைதான் தெரியும்.

அட்லாண்டிக் நடுவே அசோர்ஸ் தீவுகள் ஒன்பது. அவற்றில் ஃபுளோரஸ், கோர்வோ என்ற இரண்டை மேற்கிலும் மற்ற ஏழைக் கிழக்கிலும் விட்டுவிட்டு நூல் நடுவே நுழைந்து போகிறது. அந்த இரண்டும் வட அமெரிக்கப் புவித்தட்டின் மேல் இருப்பவை. நாட்டால் போர்ச்சுகல், பாறையால் அமெரிக்கா!

நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, நூலுக்குக் கிழக்கே 75 கிலோமீட்டர் போல, புனித பீட்டர், புனித பவுல் பாறைகள் தலைகாட்டுகின்றன. 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் வந்த டார்வின் அங்கே இரண்டே வகைக் கடற்பறவைகளைக் கண்டார். அது எரிமலைக் கல் அல்ல என்பதையும் கவனித்தார். புவியின் மேலோட்டுக்கு அடியில் கிடக்க வேண்டிய பாறை அங்கே வெயிலில் காய்கிறது. இருபது பாகை தெற்கே போனால் பிரேசிலின் திரிந்தாதே தீவு. அதுவும் கிழக்கே 70 கிலோமீட்டர் தள்ளியே இருக்கிறது.

பிறகு தெற்கு ஜார்ஜியா மேற்கே, தெற்கு சாண்ட்விச் தீவுகள் கிழக்கே. அப்புறம் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் பனி. நூல் முடியும் பனிக்கரையைப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் தத்தமது என்கின்றன. அந்தக் கரைக்கு அருகேதான், நூலுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில், 1915 ஜனவரியில் துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் சிக்கியது. உருண்டையில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நூலை ஒட்டி ஒரு பென்சில் புள்ளி வைத்திருக்கிறேன்.