அப்பாவின் நடைவண்டியும் சென்னபட்டணாவின் வளையங்களும்

புட்டபர்த்திக்குப் போன சின்னம்மா, வரும்போது பெங்களூரில் என் மகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கி வந்தார். ஒரு தண்டு, அதில் கோக்க ஏழு மர வளையங்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். மகள் அதைக் கையில் எடுக்க முதலே அப்பா எடுத்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இது தூரிகையால பூசினது இல்ல மகள். மெசின் ஓடக்குள்ளயே நிறம் ஏத்தியிருக்காங்க."

அப்பா இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் நாற்பது வருடமாக ஓடாவி, தச்சு வேலை. கதவு, நிலை, கட்டில், அலுமாரி எல்லாம் செய்வார். ஆனால் ஊரில் ஒரு காலத்தில் அவர் பெயர் சொன்னது நடைவண்டிதான். மூன்று சில்லு, பிடித்து நடக்க ஒரு கைபிடி, தள்ளும்போது கடகடவென்று ஒரு சத்தம். பிள்ளை எழுந்து நிற்கத் தொடங்கினால் வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். வேப்பம் பலகையில்தான் செய்வார். பிள்ளை கடித்தாலும் கசக்குமே தவிர ஒன்றும் செய்யாது என்பார். இப்போது யாரும் வருவதில்லை. காத்தான்குடி பிரதான வீதியில் பாட்டுப் படித்து லைட் எரியும் பிளாஸ்டிக் வண்டி அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. வாங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வளையங்கள் செய்யப்பட்ட ஊரைப் பற்றித் தேடிப் படித்தேன். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் பாதையில் ஏறத்தாழ 60 கிலோமீற்றரில் இருக்கிறது சென்னபட்டணா. திப்பு சுல்தான் காலத்திலிருந்து அங்கே இந்தக் கைவேலை நடக்கிறது என்பார்கள். வெட்பாலை மரத்தைக் காயவைத்து, கடைசல் மெசினில் உருட்டிக் கடைவார்கள். அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிறம் கலந்த அரக்குக் கட்டியை வைத்து அழுத்துவார்கள். அரக்கு என்பது ஒரு பூச்சி சுரக்கும் பிசின். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். மஞ்சளும் அவுரியும் போன்ற தாவர நிறங்களையும் சேர்க்கிறார்கள். அப்பா சொன்னது அப்படியே சரி. தாழை ஓலை என்று நான் வாசித்ததும் அவர் சிரித்துவிட்டார். நமது கரையோரத்தில் தாழைக்கு என்ன குறை.

மலிவான சீனப் பிளாஸ்டிக் வந்து குவிந்தபோது அந்த ஊரும் நமது பட்டறைகளைப் போலத்தான் தளர்ந்துபோனது. ஆனால் இந்தியா அதைக் கிடந்தபடி விடவில்லை. 2020 பெப்ரவரியில் விளையாட்டுச் சாமான் இறக்குமதிக்கான சுங்க வரியை 20 வீதத்திலிருந்து 60 வீதமாக உயர்த்தினார்கள், 2023இல் 70 ஆக்கினார்கள். அதே 2020இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை ஒன்றும் வந்தது. 2021 ஜனவரி 1 முதல் அந்த நாட்டின் தரச் சான்றான ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத விளையாட்டுச் சாமானை இந்தியாவுக்குள் விற்க முடியாது. உள்ளூரில் செய்ததோ, வெளியிலிருந்து வந்ததோ, எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம். அப்புறம் சிறு கைவினைஞர்கள் நசுங்கிப் போய்விடக் கூடாது என்று, பதிவுசெய்த கைவினைஞர்களின் பொருட்களுக்கும் சென்னபட்டணா போல ஊர்ப் பெயரோடு பதிவாகிப் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள்.

2014-15இல் இந்தியா ஏறத்தாழ 96 மில்லியன் டொலருக்கு விளையாட்டுச் சாமான் ஏற்றுமதி செய்தது. 2022-23இல் அது 326 மில்லியன் ஆனது. இதே காலத்தில் இறக்குமதி 332 மில்லியனிலிருந்து 159 மில்லியனுக்கு இறங்கியது. உலகச் சந்தையில் இது இன்னும் சிறிய பங்குதான், சீனா எங்கேயோ இருக்கிறது. ஆனாலும் எட்டு வருடத்தில் வாங்கும் நாடு விற்கும் நாடாகத் திரும்பியிருக்கிறது.

வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். வரிக்குப் பங்கு உண்டுதான். ஆனால் நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. என் கண்ணுக்கு அந்தத் தரக்கட்டுப்பாட்டு ஆணைதான் பெரிதாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் முன்பள்ளிக்குப் பெற்றோர் சேர்ந்து ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் வாங்கித் தந்தார்கள். அதில் ஒரு சிவப்பு லொறி. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை ஓடிவந்து, "ரீச்சர், இவன்ட வாயில ரத்தம்" என்றாள். பதறிப்போய்ப் பார்த்தால் ரத்தம் இல்லை, லொறியின் நிறம். உதட்டிலும் நாக்கிலும் சிவப்புச் செதில். வாயைக் கழுவி, தாயை வரச்சொன்னோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தாய் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் கிடக்கிறது: "அதுக்குள்ள என்ன இருக்கு ரீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்டியில் எந்த முத்திரையும் இல்லை, செய்தவர் பெயர்கூட இல்லை. கடை நானாவிடம் கொண்டுபோனேன். பாவம், அவருக்கும் தெரியாது. பணத்தைத் திருப்பித் தந்தார்.

அந்தச் செதிலில் ஈயம் இருந்தால்? ஈயத்தில் இவ்வளவு மட்டும் ஆபத்தில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுபிள்ளையின் மூளையைத்தான் அது முதலில் தொடும். 2007இல் உலகத்தின் மிகப் பெரிய பொம்மைக் கம்பனிகளில் ஒன்றான மாட்டெல்கூட, சீனாவில் செய்வித்த பொம்மைகளின் பெயின்டில் ஈயம் இருந்ததால் இலட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. அதற்கு அடுத்த வருடமே அமெரிக்கா புதிய சட்டம் கொண்டுவந்து, பிள்ளைகளின் சாமான்களைப் பரிசோதித்துத்தான் விற்க வேண்டும் என்றது. அவ்வளவு பெரிய இடத்திலேயே தவறு நடந்தால், பெயரில்லாத பெட்டிகளை யார் பார்ப்பது?

அன்றைக்குப் பிறகு அப்பா எனக்கு ஒரு பலகைத் துண்டில் ஓட்டை போட்டுத் தந்தார். 32 மில்லிமீற்றர் அகலம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சாமான்களுக்குப் பல நாடுகளில் ஒரு சிறு உருளை வைத்துப் பார்ப்பார்கள், அதன் அகலம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடும். என் பலகை அதற்கு ஈடாகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஓட்டைக்குள் போகும் சில்லு, மணி, பொத்தான் எதையும் நான் வகுப்புக்குள் விடுவதில்லை.

சரி, நாமும் இதைச் செய்யலாமா? இந்தியா போல வரியைக் கூட்டினால் போதுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளாஸ்டிக் பொம்மைக்கு முதலில் உருக்கில் ஒரு அச்சு வெட்ட வேண்டும். முழுச் செலவும் அந்த அச்சில்தான். அது இருந்துவிட்டால் பொம்மை ஒன்றுக்கு விழும் செலவு மிகச் சொற்பம். அதனால் இலட்சக்கணக்கில் அடித்தால்தான் கட்டுபடியாகும். சீனாவில் சாந்தோ நகரின் செங்காய் பகுதியில் அச்சு வெட்டுபவர், பெயின்ட் அடிப்பவர், பெட்டி செய்பவர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கு அந்தக் கணக்கு வரும். நமது இரண்டு கோடிச் சொச்சத்துக்கு வராது, வரிச்சுமைதான் ஏழைத் தாய்தகப்பன் தலையில் விழும்.

மரத்தின் கணக்கு வேறு. கடைசலில் முதல் வளையத்துக்கும் நூறாவது வளையத்துக்கும் ஏறக்குறைய ஒரே செலவு, பத்துப் பேரோடு தொடங்கலாம். பிளாஸ்டிக் கட்டைகளுக்குப் பேர்போன லெகோ கம்பனியும் டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிறு ஊரில் ஒரு தச்சரின் பட்டறையிலிருந்துதான் வந்தது. ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். இன்றைக்கு நாம் காணும் பிளாஸ்டிக் கட்டைக்கு 1958இல்தான் காப்புரிமை கேட்டார்கள். பதினைந்து வருடம் போல மரத்தில் கை பழகிய பிறகுதான் அவர்கள் பிளாஸ்டிக் பக்கம் போனார்கள். நமது நாட்டிலும் பால் வற்றி வெட்டப்படும் றப்பர் மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதெல்லாம் தெற்கிலும் மேற்கிலும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நல்ல ஓடாவிமார் இருக்கிறார்கள், நிலை சீவி மிஞ்சும் துண்டுகள் அடுப்புக்குப் போகின்றன.

எனக்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று, பட்டறைக்காரர் தங்கள் நிறத்தையும் மரத்தையும் கொடுத்துச் சோதித்துச் சீட்டு வாங்க, கட்டக்கூடிய விலையில் ஒரு வழி. மற்றது, முன்பள்ளிகள் சேர்ந்து வருடத்துக்கு இவ்வளவு வாங்குவோம் என்று முதலே சொல்வது. ஓடர் நிச்சயம் என்றால் அப்பா போன்றவர்கள் மெசின் போடுவார்கள். இப்போது சங்கத்தில் உள்ள ஆசிரியைகளோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன், மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள்.

அப்பா ஏற்கனவே தொடங்கிவிட்டார். பழைய மோட்டர் ஒன்றைத் தேடிப் பூட்டி, வேப்பங்கட்டையில் ஐந்து வளையம் கடைந்திருக்கிறார். நிறம் மட்டும் பிடிபடவில்லை. மஞ்சள் நன்றாக ஏறுகிறது, ஆனால் நிற்கவில்லை. அரக்கு வேண்டும். மாத்தளைப் பக்கம் ஹப்புவிட என்ற கிராமத்தில் சிங்களக் கைவினைஞர்கள் பரம்பரையாக அரக்கு வேலை செய்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு அங்கே போய்வருவோம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா தாழை ஓலையை வெட்டி இப்போதே நிழலில் காயப் போட்டிருக்கிறார்.