மாலை போட்டவரிடம் கேட்ட கேள்வி

2016 கார்த்திகையில் எனக்கு வாய்த்த வேலை, வீடு வீடாகப் போய் "தற்போது நீங்கள் புகைபிடிக்கிறீர்களா?" என்று கேட்பது. 15 வயது நிரம்பியவர்களின் புகையிலைப் பழக்கம் பற்றிய தேசியக் கணக்கெடுப்பு அது. நாடு முழுக்க 74,037 பேர் பதில் சொன்னார்கள். அதில் சில டஜன் பேர் என் பங்கு.

யாரிடம் கேட்பது என்பது நம் கையில் இல்லை. வீட்டிலுள்ளவர்களின் வயதைக் கைக்கருவியில் ஏற்றினால் அதுவே குலுக்கிப் போட்டு ஒருவரைக் காட்டும். திண்ணையில் பீடியும் கையுமாக இருப்பவர் "என்னைக் கேளுங்கள்" என்பார்; கருவியோ உள்ளே வெற்றிலை இடிக்கும் அவருடைய தாயாரைக் காட்டும். "நான் என்ன ஆம்பிளையா, பீடி குடிக்க?" என்று அந்த அம்மாள் சீறினாலும் கேள்வியை ஒரு சொல் மாற்றாமல் படித்தாக வேண்டும். போதாக்குறைக்குப் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்து இரண்டே வாரம். கருவி காட்டிய ஆள் வங்கி வரிசையில் நிற்பார். பதிலுக்குத் தம்பியைக் கேட்டுவிட்டு நகர முடியாது. பொழுது சாய்ந்ததும் மறுபடி நடக்க வேண்டும்.

அப்படி இரண்டாம் நடையில் பிடித்தவர்தான் அந்தக் கொத்தனார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம். மாலை போட்டு ஆறு நாள்.

"சாமி, தற்போது தினமும் புகைபிடிக்கிறீர்களா, எப்போதாவதா, இல்லவே இல்லையா?"

"சாமி சரணம்! இந்தக் கோலத்தில் கேட்கிற கேள்வியா இது? இல்லவே இல்லை."

கருவி அடுத்த கேள்விக்குத் தாவியது. முன்பு? தினமும், ஒரு கட்டு பீடி. கட்டுக் கணக்கு செல்லாது, எண்ணிக்கைதான் வேண்டும் என்று அதற்கு ஐந்து நிமிடம் போனது. பாதியில் அணைத்துக் காதில் செருகி, சாரத்தில் ஏறியபின் பற்றவைப்பது ஒன்றா இரண்டா என்று அவரே என்னைக் கேட்டார். நிறுத்தி எவ்வளவு காலம்? ஆறு நாள். ஆக, நாட்டின் கணக்கில் அவர் புகைப்பதை விட்டவர். மலையிலிருந்து இறங்கிய மறுநாள் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும், கதவோரம் நின்று சிரித்த அவர் மனைவிக்கும் தெரியும். மேற்பார்வையாளரைப் போனில் கேட்டேன். "அவர் சொன்னதை எழுது, நீ நினைத்ததை எழுதாதே" என்றார். அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. நான் ஊகித்து எழுதத் தொடங்கினால் அப்புறம் அது என் கணக்கு, நாட்டின் கணக்கு அல்ல.

அறிக்கை வந்தபோது தேடிப் படித்தேன். 2009-10இல் 14.0 சதவீதமாக இருந்த புகைப்போர் 10.7 ஆகக் குறைந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலோ எல்லாப் புகையிலையும் சேர்த்த பழக்கம் 16.2இலிருந்து 20.0க்கு ஏறியிருந்தது. மாலை போட்ட சிலரால் இந்த எண்கள் புரண்டுவிடாது. ஆனாலும் அந்த 10.7இல் எங்கள் சாமி இல்லை.

கடைசியாக, எந்த முறையில் விட்டீர்கள் என்ற கேள்வி. ஆலோசனை, மருந்து, நிகோட்டின் மிட்டாய் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார். மிச்சமிருந்தது "மற்றவை". அதைத் தொட்டேன்.

"அங்கே ஐயப்பன் என்று போட்டுக்கொள்ளுங்கள், சாமி" என்றார்.