தாத்தாவுக்கு ஒரு நாள்

“அவர்தான் உங்களை வளர்த்தாரா?” என்று நான் கேட்டேன். ஆறு ஆண்டுகள் ஆகியும், எதற்காக அப்படிக் கேட்டேன் என்பது எனக்கே முழுதாக விளங்கவில்லை. உதவும் எண்ணத்தில்தான் கேட்டேன் என்று பெரும்பாலான நாட்களில் நம்புகிறேன்.

எங்கள் நிறுவன விதிப்படி பெற்றோரோ துணையோ பிள்ளையோ இறந்தால் சம்பளத்துடன் மூன்று நாள் விடுப்பு. தாத்தா பாட்டி என்றால் ஒரு நாள். தனியார் நிறுவனங்கள் துக்க விடுப்பு தந்தே ஆகவேண்டும் என்று ப்ளோரிடாவில் சட்டம் எதுவும் இல்லாததால், நிறுவனம் எழுதி வைத்ததே விதி. பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து வளர்த்தவருக்கும் மூன்று நாள் தரலாம் என்று அதில் ஒரு விலக்கு உண்டு. விடுப்பை அனுமதிக்கும் அதிகாரியான என் முன் உட்கார்ந்திருந்த பெண் மூன்று நாள் கேட்டிருந்தார். உறவு என்ற கட்டத்தில் ‘தாத்தா’ என்று இருந்தது. அது காலாண்டுக் கணக்கு முடிக்கும் வாரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆம், இல்லை என்று அவர் பதில் சொல்லவில்லை. சியன்ஃபுவேகோஸ் ஊர்க்காரரான தாத்தா, 1966இல் கியூபாவை விட்டு வெளியேற விண்ணப்பித்த உடனேயே வேலையை இழந்து, விமானத்தில் இடம் கிடைக்கும்வரை மூன்று ஆண்டுகள் கரும்பு வெட்ட அனுப்பப்பட்டதையும், அதிகாரிகள் வீட்டுக்கு வந்து கட்டில் நாற்காலி வரை பட்டியல் எடுத்து, புறப்படும் நாளில் எதுவும் குறைகிறதா என்று மறுபடி எண்ணிப் பார்த்ததையும் சொன்னார். 1969இல் மனைவியோடும் ஆறு வயது மகனோடும் வரடேரோவில் விமானம் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் மயாமியில் இறங்கியவர், அகதிகளுக்கான உதவி மையமாக இருந்த, கியூபர்கள் ‘எல் ரெஃபூகியோ’ (புகலிடம்) என்று அழைத்த சுதந்திரக் கோபுரத்தில் வரிசையில் நின்று பால்பவுடரும் டின் இறைச்சியும் வாங்கியிருக்கிறார். பகலில் மயாமியை ஒட்டிய ஹயலீயாவில் செருப்புத் தொழிற்சாலை, இரவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. ஊரிலேயே தங்கிவிட்ட தங்கைக்கு, பார்சல் அனுப்ப வழி திறந்த காலத்திலிருந்து, இரத்த அழுத்த மாத்திரை அனுப்புவதை அவர் நிறுத்தியதே இல்லை.

மயாமியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிய கதையில்லை. 1965 டிசம்பரிலிருந்து 1973 ஏப்ரல் வரை கியூபாவிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த அந்த விமானங்களில் வந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஹயலீயாவில் எந்தக் கதவைத் தட்டினாலும் இப்படி ஒன்று கிடைக்கும். அதனால்தானோ என்னவோ, நான் பாதிக் காதோடுதான் கேட்டேன். விலக்குக்குப் பொருந்தும் ஒரு வாக்கியம் எப்போது வரும் என்றே காத்திருந்தேன். அது வந்தது. பாலர் பள்ளி தொடங்கி எட்டாம் வகுப்பு வரை தினமும் பள்ளி வாசலில் காரோடு நின்றவர் தாத்தாதான் என்றார். பின் இருக்கையில் கொய்யாப் பழக்கூழ் வைத்த பஸ்தெலிதோ என்ற கியூப பேஸ்ட்ரி ஒன்று, எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோலாகிவிட்ட காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைக்கப்பட்டிருக்குமாம்.

“இது போதும். தந்தை ஸ்தானத்தில் இருந்து வளர்த்தார் என்று ஒரு வரி எழுதுங்கள், மூன்று நாளும் கிடைத்துவிடும்” என்றேன்.

“என் அப்பா உயிரோடு இருக்கிறார். இப்போதும் தாத்தாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை இல்லாதவராக்கி நான் எழுத முடியாது. அவருக்காகத்தானே தாத்தா இங்கே வந்தார்?”

ஒரு நாள் துக்க விடுப்பை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு நாட்களை ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

நான் செய்தது தவறு என்று ஒரேயடியாகச் சொல்லவும் மனம் வரவில்லை. முந்தைய ஆண்டு பாட்டியை இழந்த இன்னொருவருக்கு நான் ஒரு நாள்தான் தந்திருந்தேன். ஆளுக்கொரு விதி வைக்கும் அதிகாரி என்று பெயரெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் விதியின்மீது எனக்கு அவ்வளவு பற்று இருந்திருந்தால், அந்த ஒரு வரியைப் பொய்யாக எழுதச் சொல்லியிருக்க மாட்டேனே. காரியம் முடிகிறவரை வீட்டில் இருக்கும் பேரனிடம் ‘உன்னை வளர்த்தவரா’ என்று யாரும் கேட்காத ஊரிலிருந்து வந்தவன் நான். கேட்பதற்கு ஒரு படிவம் கிடைத்ததும் கேட்டுவிட்டேன். ஒரு மனிதரின் எண்பத்தைந்து ஆண்டுகளை, இரண்டு நாள் சம்பளத்துக்கான சான்றாக அந்தப் பெண் என் மேசைமுன் அடுக்கிக் காட்டும்படி ஆயிற்று. அவர் தாமாகவே சொன்னார், நான் வற்புறுத்தவில்லை என்றும் வாதிடலாம். அப்படி வாதிட்டும் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் மாலை இறுதி மரியாதைக்குப் போனேன். சவப்பெட்டிக்கு அருகில் இருந்த அவருடைய அப்பா, நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து வந்து, என் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, மகளுக்கு விடுப்பு கொடுத்ததற்கு நன்றி சொன்னார். வந்தபோது ஆறு வயதாக இருந்த அந்த மகனுக்கு முடி முழுதும் நரைத்திருந்தது. அந்தப் பெண் எதுவும் சொல்லாமல் சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் காப்பி ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

சில மாதங்கள் கழித்து வேறொருவர், சித்தப்பா இறந்ததற்கு மூன்று நாள் கேட்டார். விதியில் சித்தப்பாவுக்கு இடமே இல்லை. நான் எதுவும் கேட்காமல் அனுமதித்தேன். அந்தப் பெண்ணின் பதில்தான் என்னை மாற்றியது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது காலாண்டுக் கணக்கு முடிந்திருந்த வாரம்.