ஆகாய கங்கை, மூன்றாவது முறை: முழங்கால் தப்பியது, கைத்தடி தப்பவில்லை

இறங்கினேன், அருவியில் நின்றேன், ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் ஏறியும் வந்துவிட்டேன். கொல்லிமலையில் இரண்டு முறை தோற்றவனுக்கு இது பெரிய செய்தி. முதல் முறை பாதிப் படியிலேயே தொடை நடுங்கித் திரும்பினேன். இரண்டாம் முறை அருவியைப் பார்த்தேன், ஆனால் மறுநாள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க வேண்டியிருந்தது.

இம்முறை நாமக்கல்லிலிருந்து எங்கள் நடைக் குழுவில் பதினொரு பேர். காரவள்ளிக்கு மேல் உள்ள எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பெரியகோவிலூருக்குச் சற்று முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக் கொடி படர்ந்த சவுக்கு மரங்களுக்கு நடுவே நடந்தோம். (சவுக்கு என்றால் கடற்கரைச் சவுக்கு இல்லை, சில்வர் ஓக். மலையில் அதையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) அறப்பளீஸ்வரர் கோவிலில் கும்பிட்டு, ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டுப் படிக்கு வந்தோம்.

மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குகிறோம். இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை முதலில் இறங்கிவிட்டுப் பிறகு ஏற வேண்டும். ஏறும்போது வாங்குவது மூச்சு, இறங்கும்போது அடி வாங்குவது மூட்டு. படிகளின் உயரமும் ஒன்றுபோல் இல்லை. அதற்காகவே மூன்று அடுக்கு அலுமினியக் கைத்தடி ஒன்றை ஆயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். இறக்கத்தில் தடியை வழக்கத்தைவிட மூன்று, நான்கு விரல் அளவுக்கு நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்படியில் ஊன்ற உடம்பு முன்னால் சாயும். பிடியில் தொங்கும் கைவாருக்குள் கீழிருந்து மேலாகக் கையை விட்டுப் பிடித்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

முந்நூறாவது படி இருக்கும். எடை முழுவதையும் தடிமேல் வைத்த நொடியில் அது மடமடவென்று உள்ளே போய்விட்டது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியாது. திருகிப் பூட்டும் வகைத் தடிகளின் நோய் இது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கட்டை விரிந்து குழாயை இறுக்க வேண்டும். அதில் எண்ணெயோ ஈரமோ பட்டால் பிடிக்காது. முந்தைய வாரம் "துருப்பிடிக்காமல் இருக்கட்டும்" என்று தேங்காய் எண்ணெய் தடவிய புத்திசாலி நான்தான். அலுமினியம் எங்கே துருப்பிடிக்கும்? கழற்றித் துண்டால் துடைத்து மறுபடி திருகினேன், ஐம்பது படி தாங்கியது. மறுபடி திருகினேன், இருபது படி. பிறகு பைக்குள் போட்டேன்.

குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரும்பி நடந்து வந்து தன் மூங்கில் கம்பை நீட்டினார். கோவை பூண்டியில், வெள்ளியங்கிரி ஏறுவதற்காக வாங்கியது. "உங்களுக்கு வேண்டாமா சார்?" என்றேன். "எனக்கு எழுபத்திரண்டு வயதுதான் ஆகிறது, தம்பி" என்றார்.

அந்தக் கம்பில்தான் பாடம் கிடைத்தது. என் நெற்றி உயரம் இருந்தது. இறங்கும்போது நுனிக்கு அருகே பிடித்தேன். ஏறும்போது கை தானாகவே நடுக்கம்புக்கு வந்தது. திருக வேண்டியதில்லை, நீட்ட வேண்டியதில்லை, கையை நகர்த்தினால் போதும்! கம்பை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, நல்ல காலை மேலே விட்டு வலிக்கிற காலை முன்னால் இறக்கினேன். ஏறும்போது நல்ல கால் முன்னால். அடிக்கணுவுக்கு ஒரு விரல் கீழே அறுத்திருந்ததால், இத்தனை கல்லில் குத்தியும் கம்பு பிளக்கவில்லை.

அருவியைப் பற்றி ஒரு வரி: முந்நூறு அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது, மழை ஓய்ந்த வாரம் என்பதால் சாரலே முதுகில் அறைந்தது.

மேலே வந்ததும் எல்லோரும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தார்கள். பாறையில் வளரும் பெரணியின் கிழங்கு, ரோமம் போர்த்திய ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டுவலி போகும் என்கிறார்கள். எனக்கு மிளகும் சூடும் பிடித்திருந்தன. மூட்டைப் பற்றி ஒரு குவளையில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டு கிழங்கு வாங்கி வந்திருக்கிறேன். ரோமத்தைச் சீவி எடுப்பதற்குள் வீட்டில் பேச்சு வாங்கியது தனிக்கதை.

அடுத்து, இந்த ஆறு மலையடிவாரத்தைத் தொடும் புளியஞ்சோலையிலிருந்து பழைய ஒற்றையடிப் பாதையில் மேலே வரவேண்டும் என்று ஆசை. வனத்துறை அனுமதி கேட்கும் வேலையைத் தலைமையாசிரியர் ஏற்றுக்கொண்டார். என் வேலை கம்பு. பூண்டிக்குப் போகும் பருவம் பிப்ரவரியில்தான் தொடங்கும், அதுவரை பொறுக்க முடியாது. ஏணிக்கு மூங்கில் விற்கும் கடையில் கேட்டேன். இருந்ததெல்லாம் மணிக்கட்டுப் பருமனில், உள்ளே பொள்ளலாக. உள்கூடு இல்லாத கல்மூங்கில் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.