சிட்டி ரோட்டில் ஒரு ஜெப அறை

லண்டனில் ஓல்டு ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி சிட்டி ரோட்டில் நடக்கும்போது அண்ணனும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியின் பெயரை எடுத்தாலே எங்களுக்குள் வாக்குவாதம் வந்துவிடும். இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் உலகத்தோற்றத்துக்கு முன்னமே முன்குறித்துவிட்டார் என்பதில் அண்ணன் உறுதியானவர். கிருபை எல்லாருக்கும் உண்டு என்று வெஸ்லி பிரசங்கித்த பக்கம் நான். அப்பா இருந்த காலத்தில், குடும்ப ஜெபம் முடிந்து பாய் விரிக்கிற வரைக்கும் இதே பேச்சுதான். அண்ணன் ரோமர் 8-ஐத் திறப்பார். நான் "ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பவேண்டுமென்று விரும்பி" என்று பேதுருவின் நிருபத்தை வாசிப்பேன்.

வாசலில் வெஸ்லியின் சிலை, அதற்குப் பின்னால் 1778 நவம்பர் 1-ல் திறக்கப்பட்ட ஆலயம். பக்கத்திலேயே அவருடைய வீடு. தன் கடைசி ஆண்டுகளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்துத் திரும்பி வந்து தங்கிய வீடு அது. 1791 மார்ச் 2-ல், 87 வயதில், அங்கேதான் கண்மூடினார். "எல்லாவற்றிலும் மேலானது, தேவன் நம்மோடிருக்கிறார்" என்று அவர் சொன்னது அந்த மரணப் படுக்கையில்தான்.

படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு ஜன்னல், சிறு மேஜை, முழங்காலிட ஓர் இடம், அவ்வளவுதான். காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுகிற மனிதர் ஜெபித்த இடம். உள்ளே போன அண்ணன் சட்டென்று முழங்காலிட்டுவிட்டார். நான் வாசல்படியிலேயே நின்றுகொண்டேன். வெஸ்லியின் உபதேசத்தில் பாதியை ஒத்துக்கொள்ளாத என் அண்ணன் அவருடைய ஜெப அறையில் தலைகுனிந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் தொடங்கியதில்லையே. 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் வெஸ்லியைத் திறந்தவெளிப் பிரசங்கத்துக்கு இழுத்துவிட்டவர் அவருடைய நண்பர் ஜார்ஜ் ஒயிட்பீல்ட். அதே ஆண்டில், அதே ஊரில், முன்குறித்தல் உபதேசத்தை எதிர்த்து வெஸ்லி கடுமையாகப் பிரசங்கித்தார். கெட்டுப்போகிறவர்களையும் தேவனே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டார் என்றால் பிரசங்கிப்பதே வீண் என்பது அவர் வாதம். முன்குறித்தலை நம்பிய ஒயிட்பீல்ட் 1740 டிசம்பர் 24 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து பதில் எழுதினார். எழுப்புதல் இயக்கம் இரண்டாகப் பிரிந்தது.

மனிதன் தன் பலத்தால் இரட்சிப்பைத் தேடிக்கொள்கிறான் என்று வெஸ்லி சொன்னதாக அண்ணன் நினைத்திருந்தார். அது சரியல்ல. கிருபையை ஏற்கிற திராணியையும் கிருபையே முந்தி வந்து கொடுக்கிறது என்றுதான் அவர் போதித்தார். எனக்கு இடறலாக இருப்பது வேறொன்று: கிறிஸ்தவப் பூரணத்துவம். தேவன்மேலும் பிறன்மேலும் உள்ள அன்பு இருதயத்தை முழுக்க ஆளும் நிலையை இந்த வாழ்விலேயே பெறலாம் என்றார். அறியாமையும் தவறும் அப்போதும் இருக்கும் என்று அவரே விளக்கியும் இருக்கிறார். ஆனால் லண்டன் சபையில் ஜார்ஜ் பெல் என்பவர் தன்னைப் பூரணன் என்று சொல்லிக்கொண்டு, 1763 பிப்ரவரி 28-ல் உலகம் முடியும் என்று அறிவிக்கிற அளவுக்குப் போய்விட்டார். வெஸ்லி அதை வெளிப்படையாக மறுத்தார். என்றாலும் இந்த உபதேசம் மனிதரைப் பெருமைக்குள் தள்ளும் ஆபத்து உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆலயத்தின் பின்புறம் அவருடைய கல்லறை. அங்கே நின்றபோது, ஒயிட்பீல்ட் 1770-ல் அமெரிக்காவில் இறந்ததும், அவர் விரும்பியிருந்தபடியே லண்டனில் அவருக்கான நினைவுப் பிரசங்கத்தை வெஸ்லி செய்ததைச் சொன்னேன்.

"சண்டை போட்டவரையா கேட்டிருந்தார்?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

அவர் வெகுநேரம் கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெஸ்லியின் தம்பி சார்லஸ் இங்கே அடக்கம் செய்யப்படவில்லை. 1784-ல் வெஸ்லி, தான் பேராயர் அல்லாதிருந்தும், அமெரிக்காவுக்குப் போகிறவர்களைத் தாமே அபிஷேகம் செய்தார். தாமஸ் கோக்கைக் கண்காணியாக ஏற்படுத்தி அனுப்பினார். இங்கிலாந்து திருச்சபையை விட்டுப் பிரியக் கூடாது என்றிருந்த சார்லஸுக்கு அது பெரிய வேதனை. அவர் 1788-ல் இறந்தபோது, தன் விருப்பப்படி மேரிலெபோன் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டார்.

அந்த கோக்தான் இலங்கைக்கு ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு, 1814-ல் கடலிலேயே இறந்துபோனார். கூட வந்தவர்கள் இலங்கையின் காலி நகரில் இறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார். எங்கள் தாத்தா ஞானஸ்நானம் பெற்றது அந்த மிஷன் சபையில்தான். தம்பியின் மனதை அவ்வளவு புண்படுத்திய காரியத்தின் வழியாகத்தான் சுவிசேஷம் எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதை நான் அதற்கு முன் இப்படிச் சேர்த்து யோசித்ததில்லை.

ரோட்டைக் கடந்தால் பன்ஹில் பீல்ட்ஸ். ஜான், சார்லஸ் இருவரையும் வளர்த்த தாய் சூசன்னா அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அம்மாவின் நினைவு இருவருக்கும் வந்துவிட்டது. மெல்ல "பிளவுண்ட மலையே" பாட ஆரம்பித்தார். அந்தப் பாட்டின் ஆங்கில மூலத்தை எழுதிய டாப்லேடி, வெஸ்லியை எழுத்தில் மிகக் கடுமையாகத் தாக்கியவர். அது எனக்குத் தெரியும். நானும் சேர்ந்து பாடினேன்.

வெளியே வரும்போது அண்ணன் கேட்டார்: "நாளைக்கு மேரிலெபோன் போய் சார்லஸையும் பார்த்துட்டு வந்துடுவோமாடா?"

"போவோம்ணே" என்றேன்.